தண்ணீரில் கண்டம்

கேள்வி: குழந்தைகளுக்கான அமாக்ஸிசிலின் மருந்தைக் கலந்தே விற்காமல், பொடியாகக் கொடுத்துத் தண்ணீர் ஊற்றச் சொல்வது ஏன்? (வாசகர், முனிர்கா, டெல்லி)

பதில்: அம்மருந்தின் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம்! கிருமி தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும் பீட்டா-லாக்டம் என்னும் நான்கணு வளையம், நீரில் கிடந்தால் மெல்ல உடைந்து வீரியமிழக்கும் என்பதால், உலர்பொடியாக நெடுங்காலம் தாங்கும் மருந்து, கலந்தபின் தயாரிப்பைப் பொறுத்து 7 முதல் 14 நாள்களே தாங்குகிறது. முனிர்காவின் மே மாத வெயிலில் வைத்தால் அதுவும் சந்தேகமே. கசப்பை மறைக்க இனிப்பும் பழமணமும், துகள்கள் விரைந்து அடியில் படியாதிருக்கச் சாந்தன் கோந்து போன்ற குழைவூட்டியும் பொடியிலேயே சேர்க்கப்படுகின்றன. ஆயினும் ஒவ்வொரு முறையும் குலுக்காமல் ஊற்றினால், முதல் கரண்டியில் சர்க்கரையும் கடைசிக் கரண்டியில் வைத்தியமும் கிடைக்கக்கூடும். கொதித்து ஆறிய நீரைப் புட்டியிலுள்ள கோடு வரை ஊற்றுவதே அளவு. பால்காரரின் தாராளம் இங்கே செல்லாது.