இரண்டு இட்லி: மூலமும் உரையும்

மூலம்: "காலையில் இரண்டு இட்லி."

நூல் முழுவதும் இவ்வளவே. ஆசிரியர், எடையைக் குறைக்கச் சொன்ன ஒரு மருத்துவர். காலம், போன மாதம். கிடைத்த இடம், காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கம். எழுத்தமைதியை வைத்துப் பல்லவ கிரந்தம் என்றே முதலில் கருதப்பட்டது. மருந்துக் கடைக்காரர் மட்டும் தயங்காமல் படித்தார். மூன்றே சொல்லாயினும் உரையின்றி விளங்காத நூல் இது. உரை எழுதினால் சுத்தமாக விளங்காமல் போகும் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லா நூலுக்கும் பொது.

முதற்சிக்கல், எந்த இட்லி என்பது. வேறு ஊரில் இது சிக்கலே அன்று. காஞ்சியிலோ வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் குடலை இட்லி இருக்கிறது. பச்சரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பது. கைக்குழந்தையைப் போல இரு கையாலும் ஏந்த வேண்டும். வெட்டித்தான் கொடுக்க முடியும். இந்த இட்லியில் ஒன்று என்பது ஒரு குடும்பம். இரண்டு என்பது சின்னக் கல்யாணம். ஓட்டலில் டம்ளரில் வேகும் இட்லி இன்னொரு வகை. வீட்டுத் தட்டில் வேகும் வெள்ளை இட்லி மூன்றாவது. மினி இட்லி இட்லிதானா என்பது தனி நூலாக விரியும்.

மூலத்தில் அடைமொழி எதுவும் இல்லை. அடைமொழி இல்லாத இடத்தில் உள்ளூர்ச் சிறப்பையே பொருளாகக் கொள்க என்பது உரை மரபு. இம்மரபு இன்று காலை ஏழு மணியளவில், பசி வேளையில் தோன்றியது.

இவ்வூரில் எந்தக் கேள்வியும் இரண்டு கலையாகப் பிரியாமல் நின்றதில்லை. பெருமாள் முன்னால் வடகலையார் பாடுவதா, தென்கலையார் பாடுவதா என்பதே வெள்ளைக்காரன் காலத்தில் கோர்ட்டுப் படி ஏறிய வழக்கு. இட்லி எப்படித் தப்பும்? சட்னிகலையார் சொல்வது: "இட்லி என்றது இனம்பற்றிச் சட்னியையும் தழுவும், சட்னி வந்தால் சாம்பார் தானே வரும்." பொடிகலையார் சொல்வது: "மூலத்தில் பொடி இல்லை. இல்லாத பொருளைக் குழைக்கும் நல்லெண்ணெய் எப்படிக் கணக்கில் வரும்?" இரு தரப்பும் ஒன்றுபடும் இடம், மூன்றாவது இட்லி.

'காலையில்' என்பது ஏழாம் வேற்றுமை. காலையை விதித்ததே தவிர மாலையை விலக்கவில்லை.

'இரண்டு' என்ற சொல்லுக்குத்தான் உரை தேவை. "ரெண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்" என்று மைக்கைப் பிடித்த தமிழறிஞர் எவரும் இரண்டோடு அமர்ந்ததற்குச் சான்றில்லை. ஆகவே அறிஞர் வழக்கில் இரண்டு என்பது முக்கால் மணி நேரம். மக்கள் வழக்கும் இதை உறுதி செய்கிறது: "ஏம்பா, ரெண்டோட கை கழுவுறியே, ஒடம்புக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" (பெரியம்மா, வாய்மொழி). இரண்டு என்பது தொடக்கத் தொகை, முடிவுத் தொகை அன்று என்பது அவர் துணிபு (பெரியம்மா, மேலது, இரண்டாம் பதிப்பு, கரண்டியுடன்).

இனிப் பசியின் வகைகள். வயிற்றுப் பசி: ஏட்டில் உண்டு. கண் பசி: காந்தி ரோட்டில் புடவைக் கடைக்கும் உண்டு, பலகாரக் கடைக்கும் உண்டு. டீப் பசி: குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்த நெசவாளர் எழுந்து வருவதற்கு ஊர் ஒப்புக்கொண்ட ஒரே காரணம்.

மேனாட்டார் பசியை மூலக்கூறாக்கிவிட்டனர். லெப்டின் 1994இல் கண்டறியப்பட்டது. கொழுப்புத் திசுவில் சுரந்து மூளைக்குப் 'போதும்' என்னும். கிரெலின் 1999இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது; இரைப்பையில் சுரந்து 'போடு' என்னும். எடை குறையக் குறைய முன்னது இறங்கும், பின்னது ஏறும். அதாவது நம் உடம்பே பெரியம்மா கட்சிக்குப் போய்விடும். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும், மெல்ல உண்க என்றும் சொல்வர். காஞ்சிப் பந்தியில் 20 நிமிடத்தில் பாயசம் முடிந்து அடுத்த பந்திக்காரர் முதுகுக்குப் பின்னால் நிற்பார்.

1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எடை கால்வாசி குறைந்தது. அவர்கள் தத்துவம் பேசவில்லை; சமையல் புத்தகம் சேகரிக்கத் தொடங்கினார்கள். கீஸ் இதை 1950இல் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1995இல் சிட்னியில் 38 உணவுகளை ஒரே கலோரி அளவில் கொடுத்து எது பசியை அதிக நேரம் அடக்குகிறது என்று பார்த்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்றால் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு 323. வெண்ணெய் மிகுந்த குரோசானுக்கு 47. இட்லி பட்டியலிலேயே இல்லை. இதைக் கண்டித்து ஒரு கருத்தரங்கம் நடத்தலாம். மதிய உணவு உண்டு.

பசி ஆய்வில் காஞ்சிக்கு முன்னுரிமை உண்டு என்பதை அவர்கள் அறியார். மணிமேகலையில் காயசண்டிகை யானைத்தீ என்னும் தீராப் பசியால் 12 ஆண்டு வாடினாள். அமுதசுரபியின் அன்னம் அதைத் தீர்த்தது. பின்னர் வறண்டு கிடந்த காஞ்சிக்கே அப்பாத்திரத்தோடு மணிமேகலை வந்தாள். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாச நாடகத்திலோ ஒரு காபாலிகரின் கபாலம் காணாமல் போகிறது. அதில் வறுத்த இறைச்சி இருந்தது. அவர் ஒரு பௌத்தத் துறவியைப் பிடிக்கிறார், காஞ்சித் தெருவில் சமயத் தர்க்கம் மூள்கிறது. கடைசியில் பார்த்தால் தூக்கிப் போனது நாய். அறிஞர் இருவர் மோதும்போது பொருள் எங்கே போகிறது என்பதற்கு இதைவிடப் பழைய தரவு வேண்டியதில்லை.

விரதம் பற்றியும் சொல்ல வேண்டும். சமணக் காஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர். இன்று இதையே 16 மணி நேர உபவாசம் என்று கைப்பேசியில் காசு கொடுத்துக் கற்கிறோம். மற்ற வீடுகளில் ஏகாதசியன்று சோறு கிடையாது, பலகாரம் மட்டும். பலகாரமாவது இட்லி, அடை, அரிசி உப்புமா, அதற்குத் தொட்டுக்கொள்ள வெல்லம், வெல்லத்தின் பக்கத்தில் வெண்ணெய். சோற்றைத் துறந்த களைப்பு தீர மூன்று மணிக்கு மறுபடி (பெரியம்மா, மேலது, மறுப்பு: அத்தை, அடுப்படி வாசல், மறுப்புக்கு மறுப்பு: பெரியம்மா, தெருக்கோடி வரை கேட்குமாறு திருத்தி விரிவாக்கிய பதிப்பு, சாட்சி: பாவு போட வந்தவர், பெயர் சொல்ல விரும்பாதவர், அடை உண்டவர்).

இவ்வாய்வின் தனிக்கொடை கொசுவ அளவுகோல். 1832இல் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தார். அவர் வானியலும் புள்ளியியலும் அறிந்தவர். யாருடைய நாடியையும் பிடித்தவரல்லர். 1972இல் அதற்கு உடல் நிறை எண் என்று பெயரிட்டவர், பட்டினி போட்ட அதே கீஸ். அந்த எண்ணுக்குத் தசையும் தொந்தியும் ஒன்று. அதனால்தான் நம் மருத்துவர்கள் இடுப்பையும் அளக்கிறார்கள்: ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் வரம்பு. டேப் எதற்கு? பட்டுப்புடவை ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். அது மாறாது, கட்டுபவரே மாறுவார். புடவை உடம்பை இரண்டு சுற்று வருகிறது; ஒரு கொசுவத்துக்குப் பத்து அங்குலத் துணி. ஆகவே சுற்றளவு ஐந்து அங்குலம் கூடினால் ஒரு கொசுவம் குறையும். காஞ்சிப் பட்டில் இதை எண்ணுவதும் எளிது: கோர்வைப் புடவையில் கரை வேறு நிறம், உடல் வேறு நிறம், தூரத்திலிருந்தே தெரியும். எண்ணியதை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது களப்பணியின் முதல் நெறி. ஒரு கல்யாண மண்டபத்தில் கற்றது. ஆண்பால் தரவு, ஒட்டிக்கொள்ளும் வேட்டி வந்தபின் முற்றிலும் கெட்டுவிட்டது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அளவுகோல் என்ற முறையில் அங்கீகாரம் வரவில்லை.

நன்னூல் கூறும் பத்துக் குற்றங்களில் கூறியது கூறல் உண்டு. உண்டது உண்டல் பற்றிப் பவணந்தியார் பேசவில்லை. மற்றொன்று விரித்தல் இவ்வாய்வுக்குப் பொருந்தாது. சென்றுதேய்ந்து இறுதல் மட்டும் டயட்டுக்கென்றே எழுதியது போலிருக்கிறது: திங்கட்கிழமை வேகவைத்த சுண்டல், புதன்கிழமை தாளித்த சுண்டல், வெள்ளிக்கிழமை பஜ்ஜி. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்திவரதர் 40 ஆண்டுக்கு ஒருமுறை எழுந்தருள்கிறார். 1979க்குப் பின் 2019இல் 48 நாள். டயட் திங்கள்தோறும் எழுந்தருளி அதில் பத்திலொரு பங்கு நாள்கூடத் தங்குவதில்லை.

மேலாய்வுக்குரிய களம் ஒன்று: பந்தியில் "கொஞ்சமா வைங்க" என்பதன் கொஞ்சம் எவ்வளவு? பரிமாறுபவர்க்கும் உண்பவர்க்கும் இடையில் அது எங்கே வளர்கிறது? இப்பொருளில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாயிற்று. நெறியாளர் மூலத்தைப் படித்தாரா என்று தெரியவில்லை. 'என்பர்' என்ற சொல் குறைவாக இருக்கிறது, கூட்டுக என்று மட்டும் குறித்திருக்கிறார். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி இன்னும் கிடைக்கவில்லை. டிபன் முடிவாகிவிட்டது: கேசரி, மெதுவடை, காபி. புறத்தேர்வாளர் சர்க்கரைக்காரர் என்பதால் அவருக்குத் தனியாக இரண்டு இட்லி.