முதலாண்டுத் தத்துவஞானி

பொங்கல் லீவுக்குப் பட்டு நெய்யும் ஊரான தேவிகாபுரம் வந்து இறங்கும் கல்லூரிப் பையன்களில் இவரைத் தனியே கண்டுபிடித்துவிடலாம். "எப்ப வந்த?" என்று கேட்டால் மற்றவர்கள் "இப்பதான்" என்பார்கள். இவர் கண்ணைச் சுருக்கி, "வந்துட்டேன்னு எதை வச்சு சொல்றீங்க?" என்பார். சென்னையில் பி.ஏ. தத்துவம், முதலாண்டு. தாடி இன்னும் முழுசாக முளைக்கவில்லை, சாக்ரடீஸ் முளைத்துவிட்டார்.

"கம்ப்யூட்டர் எடுத்திருக்கலாமே தம்பி" என்று பக்கத்து வீட்டுக்காரர் இழுத்தால், கைவசம் ராதாகிருஷ்ணன் இருக்கிறார். நம் வேலூர் ஊரீசு கல்லூரியில் படித்து, சென்னை கிறித்தவக் கல்லூரிக்குப் போனவர். 1962இல் குடியரசுத் தலைவர். தத்துவப் பாடத்தை முடித்த உறவுக்காரர் ஒருவர் பழைய புத்தகங்களைச் சும்மா கொடுத்ததால்தான் அவர் தத்துவத்துக்கே போனார் என்ற பாதியை மட்டும் இவர் சொல்ல மாட்டார்.

இவருடைய மெய்யான களம் வீட்டுக் குழித்தறி. அப்பா குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டிருப்பார்.

"விட்ட அம்பு ஒவ்வொரு கணமும் ஓர் இடத்துல நிக்குது. அதனால அது நகரவே இல்லைன்னு ஜீனோ சொல்றாருப்பா. இந்த நாடாவும் அப்படித்தான்."

"நாடா நகரலன்னா கூலியும் நகராதுன்னு அவருகிட்ட சொல்லு."

அடுத்தது தீசியஸின் கப்பல். பலகை பலகையாக மாற்றிய பிறகும் அது பழைய கப்பல்தானா என்ற கேள்வி. வீட்டில் கப்பல் இல்லை; தறியைப் பிடித்துக்கொண்டார்.

"மரத்தை மாத்தினோம், மிதியை மாத்தினோம், அச்சு எத்தனையோ தடவை மாறிப்போச்சு. இப்ப இது தாத்தா தறியா?"

"தாத்தா தறிதாண்டா. அவரு வாங்குன கடன் அப்படியே கீதே."

இவ்வளவுக்கும் பையன் அசரவில்லை. இந்தியத் தத்துவத் தாள் மிச்சமிருக்கிறதே! அன்னம்பட்டரின் 'தர்க்க சங்கிரகம்' காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறது. அதற்கு அவர் காட்டும் உதாரணமே துணிதான். நூல் சமவாயி காரணம். நூலோடு நூல் சேர்ந்த சேர்க்கை அசமவாயி காரணம். நாடா, தறி முதலானவை நிமித்த காரணம். (தர்க்க நூல்களைப் புரட்டினால், உலகத்தில் பானையையும் துணியையும் தவிர வேறு பொருளே கிடையாதோ என்று சந்தேகம் வந்துவிடும்.) நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? ஒரே மூச்சில் ஒப்பித்தார்.

அப்பா தறியை நிறுத்தினார்.

"நெய்யறவன் எதுல வரான்?"

பையன் நோட்டைப் புரட்டினார். "நிமித்த காரணத்துலப்பா... 'முதலானவை'ன்னு போட்டிருக்கு."

"என்னை 'முதலானவை'யில சேத்துட்டாரா? பாவும் சரிகையும் குடுக்கறவரு எழுதற கணக்கும் அப்படித்தான் கீது."

இதற்குப் பதில் முதல் செமஸ்டர் பாடத்தில் இல்லை.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் கேட்டவை எதுவும் அசட்டுக் கேள்வி அல்ல. பெரிய பெரிய தலைகள் காலங்காலமாக முட்டிக்கொண்டவை. அவசரம் மட்டும்தான் அவருடைய சொந்தச் சரக்கு. பட்டுப்புடவை எடுக்க அந்தப் பக்கம் போனால் தாராளமாகப் பேசிப் பாருங்கள். "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் பதிலை முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள்.