தூக்குங்க, ஆனா கிராஸைக் கேட்டுட்டுத் தூக்குங்க!

கே: ஜிப்ஸியை 3 அங்குலம் தூக்கினேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கொஞ்சம் வேகமெடுத்தாலே அடியில் உதறல். வீல் பேலன்ஸ் பார்க்கச் சொல்கிறார் மெக்கானிக். (திருவொற்றியூர் வாசகர்)

ப: ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டுப் பாருங்கள். உதறல் சட்டென்று மாறினால் வீலைப் பழிக்காதீர்கள். சந்தேகம் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் மேல் போகட்டும். நீங்கள் தூக்கியபோது ட்ரான்ஸ்ஃபர் கேஸ் மேலே போய்விட்டது, ஆக்ஸில் கீழேயே நிற்கிறது. நடுவில் ஷாஃப்ட் சரிந்துவிட்டது. ஷாஃப்ட் முனையில் சாய்ந்து சுழலும் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். மறுமுனைக் கிராஸும் அதே கோணத்தில் இருந்தால் கணக்கு நேராகிவிடும். ஷாக்கிளை நீட்டித் தூக்கியிருந்தால் பினியன் மூக்கு திரும்பி, கோணம் வேறாகியிருக்கும். ஸ்பிரிங் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்து, பினியனை ட்ரான்ஸ்ஃபர் கேஸ் அச்சுக்கு இணையாக்குங்கள். பினியன் ஷாஃப்டையே பார்க்க வேண்டும் என்று சாதிக்கும் மேதைகள் உண்டு. அது மேல்முனையில் இரட்டைக் கிராஸ் போட்டவர்களுக்கு!

கே: லேத் பட்டறையில் ஷாஃப்டை வெட்டி நீட்டித் தருகிறார்களாம். கொடுக்கலாமா? (ராயபுரம்)

ப: கழற்றும் முன் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கொடுங்கள். கிராஸைப் பிடிக்கும் இருமுனை யோக்கும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஸ்ப்ளைனில் ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் உதறல் திரும்பி வரும். டைனமிக் பேலன்ஸ் செய்யாத பட்டறை என்றால் ஒரு கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். மாட்டியதும் சேஸியை ஸ்டாண்டில் ஏற்றி, வீல்களைத் தொங்கவிட்டு, ஷாஃப்டைக் கையால் சுற்றுங்கள். யோக் எங்கும் இடிக்கக் கூடாது, ஸ்ப்ளைன் அதிகம் வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், காட்டுப்பள்ளி மணலில் முழுசாகவே வெளியே வந்துவிடும்.

கே: துறைமுகத்துக்குப் போகும் ட்ரெய்லர்களும் உயரம்தானே? அவை ஏன் உதறுவதில்லை? (எண்ணூர்)

ப: நம்ம ரோட்டில் உதறுகிற வேகத்துக்கு அவை போனால்தானே! நிஜக் காரணம், நீள ஷாஃப்டைத் துண்டாக்கி, இடையில் சென்டர் பேரிங் கொடுத்து, கோணத்தைச் சிறிதாக்கியிருப்பதுதான். ஆஸ்டின் கார் பூட்ட 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது உங்கள் ஊரில்தான். அவர்களைப் போல் லாரி செய்பவர்கள் கோணத்தை வரைபடத்திலேயே தீர்த்துவிடுகிறார்கள். நாம் ஸ்பேனர் எடுத்த பிறகு யோசிக்கிறோம்.

கே: இந்தக் கிராஸ் தொல்லை யார் தந்தது? (தண்டையார்பேட்டை)

ப: 17ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக். அவருக்கு அந்த முந்தலும் பிந்தலும் சூரியக் கடிகாரத்துக்குப் பயன்பட்டது. காருக்கு ஏற்றிவிட்டவர் அமெரிக்காவின் கிளாரன்ஸ் ஸ்பைசர், 1903 காப்புரிமை.

கே: இவ்வளவு தூக்கியும் டிஃபரன்ஷியல் கல்லில் இடிக்கிறதே! (மீண்டும் திருவொற்றியூர்)

ப: ஸ்பிரிங்கைத் தூக்கினால் டிஃபரன்ஷியல் ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர்தான். டயர் எல்லாவற்றையும் சேர்த்தே தூக்குவதால் ஷாஃப்ட் கோணமும் மாறாது. ஸ்பீடோமீட்டர் மட்டும் குறைத்துக் காட்டும்.

கே: ஆர்.டி.ஓ. கண்டுகொள்ள மாட்டார்தானே? (அதே ஜிப்ஸி)

ப: தயாரிப்பாளரின் அளவிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே. ஸ்பிரிங், ஷாஃப்ட், டயர்... நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.