டிரம்மோட அடிவயித்தைப் பாரு மாப்ளே

வா மாப்ளே, திண்ணையில உட்காரு. பழைய பேண்டு செட்டு சைடு டிரம் ஒண்ணு வாங்கியாந்துட்டியாமே, ஊரே பேசுது. நாம தென்னாற்காடு ஜில்லாவுல இருந்த காலத்து டிரம்மு அது. அப்புறம் விழுப்புரம் ஆச்சு, 2019-ல கள்ளக்குறிச்சியே தனி ஜில்லா ஆச்சு. ஜில்லா ரெண்டு தரம் மாறியும் அந்த டிரம்முக்குக் கீழ்த்தோல் ஒரு தரம்கூட மாறல. நீ என்னடான்னா மேல்தோலுக்கு எந்தக் கம்பெனி பேரு எடுப்பா இருக்கும்னு விசாரிச்சுக்கிட்டுத் திரியிற. விசாரி, விசாரி. பேரைப் பார்த்துதான் ஜனங்க தாளம் கேட்பாங்க!

மேல்தோல் அடி வாங்கப் பொறந்தது. வெள்ளைப் பூச்சுள்ள ஒத்தை அடுக்கு, 10 மில் கனம், அது போதும். மில்லுன்னா ஒரு இஞ்சை ஆயிரமாப் பிரிச்சதுல ஒரு பங்கு. ரெட்டை அடுக்கு ரொம்ப நாள் உழைக்கும், ஆனா சத்தம் மந்தம்.

கீழ்த்தோலு 3 மில்தான். கடைக்காரன்கிட்ட "கீழ போடுற ஸ்நேர் தோலு"ன்னு வாயைத் தொறந்து கேளு. கௌரவம் பார்த்துக்கிட்டு மேல்தோலையே ரெண்டா வாங்கியாந்து மாட்டினா, அதுக்கு அடியில ஓடுற ஸ்நேர் கம்பி சரியா அதிராது. பிளாஸ்டிக் குடத்தைத் தட்டுன கணக்கா தொப்பு தொப்புன்னு கேட்கும்.

வெள்ளிமலையில திருவிழாவுக்கு அடிக்கப் போறியாம், அதுக்கு அசல் கன்னுக்குட்டித் தோல்தான் வேணுமாம். நல்லாப் போடு. மலையில சாரல் விழுந்ததும் தோலு தொங்கிப் போவும். பறைக்காரங்க வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சிக்குவாங்க, அந்தத் தோலு அதைத் தாங்கும். நீ 3 மில்லு பிளாஸ்டிக்கை நெருப்புல காட்டிடாத சாமி! ரெமோ பெல்லிங்கிற அமெரிக்கக்காரர் 1957-ல மைலார்ங்கிற பிளாஸ்டிக் தோலுக்குன்னே கம்பெனி ஆரம்பிச்சாரு. ஈரத்துக்கு அசராததுதான் அந்தத் தோலோட பெருமையே.

இன்னொண்ணு சொல்றேன், காதைக் கொடு. கீழ்த்தோலைக் கழட்டிட்டு மரச்சட்டத்தோட விளிம்புல விரலை மெதுவா ஓட்டு. கம்பி ஏறி இறங்குற ரெண்டு பக்கமும் லேசாப் பள்ளம் தட்டும். பழுதுன்னு நெனைச்சுடாத, கம்பி தோலோட படிஞ்சு உட்காரத்தான் அப்படிச் செதுக்கியிருக்கான். நம்ம ஊரு மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு, கெட்டிக்காரக் கைங்க. அதுக்காக டிரம்மை அந்தச் சிற்பிங்ககிட்ட தூக்கிட்டுப் போய் "விளிம்பைச் சமமா இழைச்சுக் குடுங்க"ன்னுடாத. அவங்க சொன்ன சொல்லு தவறாம இழைச்சுக் குடுத்துருவாங்க, அதோட உன் டிரம்மு கதை முடிஞ்சுது. கீழ் வளையத்துல கம்பியைக் கட்டுற பட்டை வெளிய வர்ற வெட்டு இருக்கே, அது இந்தப் பள்ளத்துக்கு நேரா நிக்கணும். அப்புறம் நட்டை எதிரெதிரா, அரைத் திருகு அரைத் திருகா முறுக்கு.

கம்பியா? 20 இழை போதும். ஆசைப்பட்டு 42 இழை போட்டா நீ அடிக்கவே வேண்டியதில்ல, பக்கத்துல டிரம்பெட்காரன் ஊதினாலே அது தானா கொறகொறன்னு பேசிக்கிட்டிருக்கும். கம்பியை நடுவுல நிறுத்தி, பட்டையை ரெண்டு பக்கமும் சமமா இழுத்துக் கட்டு. வீரத்தைக் காட்டி முறுக்கினா டிரம்முக்கு மூச்சு முட்டும்.

வாங்கப் போறதுக்கு முன்னால சட்டத்தைக் குறுக்கால அளந்துக்க. 14 இஞ்சுன்னு உத்தேசமாச் சொல்லிட்டுப் போகாத. கன்னுத்தோலுக்குன்னு செஞ்ச பழைய சட்டம் சிலது அரை நூல் பெருசா இருக்கும், புதுத்தோலோட வளையம் இறங்காது. முடிஞ்சா டிரம்மையே தூக்கிட்டுப் போ. சேலம் வரைக்கும் போய்ட்டு மாத்தறதுக்கு மறுபடி கிளம்பினா, பஸ் காசை என்கிட்ட கேட்கக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்.