செங்கல் இன்றி, நியூட்ரான் இன்றி: சான்றியல் குறித்து ஒரு சிற்றாய்வு

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயிலை ஓர் ஆய்வறிக்கையாகவே கொள்வது நம் துணிபு. செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி விசித்திரசித்தன் (மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்) பிரமன், ஈசன், திருமாலுக்கு எடுத்த கோயில் இது என்கிறது அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு. எதைக் கொண்டு செய்தோம் என்பதை விட்டு, எது இல்லாமல் செய்தோம் என்று அறிவிக்கும் மரபுக்கு இது நல்ல பாடம்.

மறுப்பாளர் உளியைப் பிடித்துக்கொள்வர்: உளி உலோகம்தானே? நியாயம். உள்ளே போன செலவைக் கணக்கில் காட்டாத வழக்கம் பல்லவர் காலத்திலேயே இருந்திருக்கிறது. ஆனால் வெளியே வந்தது இரண்டு ஆளுயர வாயிற்காவலரோடு இன்றும் நிற்கிறது. யாரும் தட்டிப் பார்க்கலாம்.

அறை வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைந்து வெப்பம் தருவதாகச் சொல்லும் குளிர் அணுக்கரு இணைவில் 'இன்றி'ப் பட்டியல் இன்னும் நீளம். 1989 மார்ச் 23 அன்று வேதியியலாளர்கள் பான்ஸும் ஃபிளைஷ்மானும் யூட்டாவில் அறிவித்த வெப்பம் வழக்கமான இணைவில் வந்திருந்தால், கிளம்பும் நியூட்ரான்களே ஆய்வகத்தாரைக் கொன்றிருக்கும். அவர்கள் நலமாக இருந்தது எதிர்த்தரப்பின் முதன்மைச் சான்றாயிற்று. அதே ஆண்டு பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் பி.கே. ஐயங்காரும் எம். சீனிவாசனும் தொகுத்த அறிக்கை, ட்ரிட்டியம் கிடைத்ததாகச் சொன்னது. 2011 பிப்ரவரியில் இத்துறையின் உலக மாநாடு சென்னைக்கே வந்தது.

அதற்கு முந்தைய மாதம்தான் போலோனியாவில் ஆண்ட்ரியா ரோஸ்ஸி இதே வகை என்று கருதப்பட்ட தம் நிக்கல்-ஹைட்ரஜன் உலையை இயக்கிக் காட்டியிருந்தார். சான்று: நீராவி. ஒரு கிராம் நீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்கு ஏற்ற 80 கலோரி போதும். ஆவியாக்க மேலும் 540 வேண்டும். ஆகவே குழாயில் வெந்நீர் வர, ஏட்டில் ஆவி என்று எழுதினால், உலை கொடுத்தது ஏறக்குறைய எட்டு மடங்காகப் பெருகும். ஈர ஆவியா, உலர் ஆவியா என்று அறிஞர்கள் மாதக்கணக்கில் வாதிட்டார்கள். ஓர் ஈடு இட்லி வைத்துப் பார்க்கலாம் என்று சொல்ல அவையில் ஆளில்லை போலும்.

பின்பு ஃபுளோரிடாவில் ஓராண்டு, ஒரு மெகாவாட் சோதனை. ஆவியை வாங்கிக்கொண்ட வாடிக்கையாளர் நிறுவனம் அதே கட்டடத்தில், சுவருக்கு அப்பால் இருந்தது. அதன் தலைவர் ரோஸ்ஸியின் வழக்கறிஞர். குழாய்ச் செலவு மிச்சம். உலைக்குப் பணம் தர ஒப்பியிருந்த முதலீட்டு நிறுவனம் மீதிப் பணத்தைத் தர மறுக்க, ரோஸ்ஸி மயாமி நீதிமன்றத்துக்குப் போனார். 2017 ஜூலையில், விசாரணை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. உலை சூடு தந்ததா என்று ஜூரிகள் சொல்ல வேண்டிய அவசியம் எழவில்லை.