மூன்றாம் முறை ஏறிய குதிரை

கேள்வி: நார்வேயின் 'ஆ-ஹா' குழு 'டேக் ஆன் மீ' பாட்டைத் திரும்பத் திரும்ப வெளியிட்டதாமே? ஓடாத பாட்டை மறுபடி விற்பது நியாயமா?

பதில்: நூற்றுக்கு நூறு நியாயம்! 1984-ல் முதலில் வந்தபோது சொந்த நாட்டில் நன்றாகவே விற்றது. பிரிட்டனில் முதல் நூறு இடங்களுக்குள்கூட எட்டிப் பார்க்கவில்லை. விடுவார்களா? ஆலன் டார்னி என்ற தயாரிப்பாளரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அதுவும் பிரிட்டனில் படுத்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் குழுவின் இசைத்தட்டு நிறுவனமான வார்னருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகும் ஸ்டீவ் பேரன் இயக்கத்தில் புது வீடியோவுக்குப் பணம் போட்டார்கள். பென்சில் ஓவியத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து, ஓட்டலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் படக்கதைக்குள் அழைக்குமே, அதுதான்! படம்பிடித்த காட்சிகளின் மேல் ஆயிரக்கணக்கான சித்திரங்களைக் கையால் வரைந்தார்கள். வேலை மாதக்கணக்கில் நீண்டது. கணினி வரைந்து தள்ளும் இந்தக் காலத்தில் பார்த்தாலும் அந்தக் கோடுகளின் துடிப்பு மனசை அள்ளுகிறது.

1985 அக்டோபரில் அமெரிக்காவில் முதலிடம். மூன்றாம் முறை வெளியிட்ட பிரிட்டனில் இரண்டாமிடம். மேலே பாடகி ஜெனிஃபர் ரஷ் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மறு ஆண்டு எம்டிவி விழாவில் அந்த வீடியோவுக்கு ஆறு விருதுகள். அந்தத் துள்ளும் கீபோர்டு மெட்டோ, குழுவின் கீபோர்டு கலைஞர் மாக்னே ஃபூருஹோல்மென் 'ஆ-ஹா' பிறப்பதற்கு முன்பே, பதின்வயதில் வாசித்துக்கொண்டிருந்தது!