கொல்லிப்பாவைக்குக் கட்டளை எழுதியது யார்?

கொல்லிமலைக்குத் தானியங்கி புதிதல்ல. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை, ஆள் வாடை பட்டதுமே தானாகச் சிரித்து, மயக்கி, உயிரை வாங்கிவிடும் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. பட்டன் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. எங்கள் வீட்டு லேப்டாப்புக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது.

அது அக்கா மகன் பிளஸ் டூவில் வாங்கிய விலையில்லா லேப்டாப். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸோடு, சீடாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. அவன் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வேலைக்குப் போய்விட்டான். லேப்டாப் செம்மேட்டில் என்னிடம் நின்றுவிட்டது. பேட்டரிக்கு வயதாகிவிட்டதால் கரண்ட் போனால் அதுவும் போகும். ஆடிக் காற்றில் மரக்கிளை கம்பியில் உரசுகிற நாட்களில், கீழே இருப்பவர்கள் ஒரு வாரத்தில் கம்ப்யூட்டரை எழுப்புகிற தடவைகளை நான் மத்தியானத்துக்குள் முடித்துவிடுவேன்.

எழுப்பினால் போதுமா? ஒவ்வொரு தடவையும் டெர்மினலைத் திறந்து, தமிழ்99 விசைப்பலகைக்கு ஒரு கட்டளை, மிளகுக் கணக்கை இன்னொரு ஃபோல்டரில் நகல் எடுக்க ஒரு கட்டளை.

"கிரான்ல போட்டு விடுங்க மாமா, பூட் ஆனதும் அதுவே ஓடும்" என்றான் மருமகன் போனில். கணக்கு ஓடியது, நகல் எடுக்கத் திரை வேண்டாமே. விசைப்பலகைக் கட்டளையோ திரையே வராத நேரத்தில் ஓடிப்போய், யாருக்கு வேலை செய்வது என்று தெரியாமல் செத்துப்போனது. மெஷின் விழிப்பது வேறு, ஆள் லாகின் செய்து உள்ளே வருவது வேறு. இரண்டாவதற்கு உரியவை, ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் கான்ஃபிக்கில், ஆட்டோஸ்டார்ட் என்ற இடத்தில் சிறு கோப்பாக இருக்க வேண்டும். அதில் எக்ஸெக் என்ற வரியில்தான் கட்டளை. மகா கறாரான வரி. டெர்மினலுக்குப் புரிகிற சுருக்குக் குறிகள் அதற்குப் புரியாது. முழு விலாசம் எழுத வேண்டும். இரண்டு கட்டளைகளைச் சேர்த்து ஓட்டுவதென்றால் பாஷ் என்ற ஷெல்லைக் கூப்பிட்டு அதனிடம் ஒப்படைக்க வேண்டும்.

அப்படியும் தமிழ் வந்தது, உடனே போனது. விசைப்பலகைகளை மேய்க்கிற ஐபஸ் என்ற நிரல் சாவகாசமாகப் பின்னால் எழுந்து, தன் இஷ்டத்துக்கு ஆங்கிலத்தைப் போட்டுவிட்டது. பரிகாரம், கட்டளைக்கு முன்னால் 'ஸ்லீப் 20'. இருபது விநாடி தூங்கு, பிறகு வேலையைப் பார். தூங்குவதற்கு எழுத்து மூலம் உத்தரவு கேட்கிற ஜீவன் உலகத்திலேயே இது ஒன்றுதான்.

வல்வில் ஓரி விழாவுக்கு மலையேறி வந்த மருமகன், போகும்போது தன் பங்குக்கு ஒரு கோப்பு வைத்துவிட்டான். லாகின் ஆகிக் கொஞ்ச நேரத்தில் எழுத்தை வாய்விட்டு வாசிக்கும் ஈஸ்பீக்கின் தகரக் குரலில், "மாமா, சாப்ட்டாச்சா?"

"யாருங்க உள்ளே?" என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் மனைவி.

ஸ்டார்ட்அப் பட்டியலில் தேடினால் அப்படி ஒன்றே இல்லை. 'நோடிஸ்ப்ளே' என்று ஒரு வரி சேர்த்து மறைத்திருக்கிறான், படவா. ஃபோல்டருக்குள் நுழைந்துதான் பிடித்தேன். ஆனால் அழிக்கவில்லை. அவன் போட்டிருப்பது ஸ்லீப் 25. குரல் கேட்டால், தமிழ் ஏறி ஐந்து விநாடி ஆகிவிட்டது என்று அர்த்தம். "ஆச்சுப்பா" என்று சொல்லிவிட்டு டைப் அடிக்க ஆரம்பிக்கிறேன்.